வெங்காயத் தோல் ஒட்டிய படம்

1

சென்ற மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்தியாவிலிருந்து என் பெயருக்கு வந்த பார்சலில் தாவரப் பொருள் இருப்பதால் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். திருப்பி அனுப்பவா, அழித்துவிடவா, சூடேற்றிக் கிருமி நீக்கித் தரவா என்று கேட்டிருந்தார்கள். நான் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டன் என்ற ஊரில். வெளியிலிருந்து ஒரு விதையோ இலையோ உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் இங்கே கண்டிப்பு அதிகம். ஒருமுறை கைப்பையில் ஒரு கொய்யாப்பழத்தை மறந்து வைத்திருந்ததற்கு விமான நிலையத்தில் அபராதம் கட்டியவன் நான். அதனால் உடனே போன் செய்தேன்.

எடுத்த பெண் தன்மையாகப் பேசினார். "உள்ளே வெங்காயத் தோல் இருக்கிறது. நிறைய."

"அது ஓவியம். என் அக்கா செய்தது. தோலைக் கிழித்து ஒட்டியிருக்கிறார்."

"அதற்கு எதற்கு வெங்காயத் தோல்?"

அவசரத்தில் என் ஆங்கிலம் எப்போதும் தடம் மாறும். அக்கா வெங்காய அறையில் குடியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண், "மன்னியுங்கள், நான் கேட்டிருக்கக் கூடாது," என்றார்.

போனை வைத்த பிறகு அந்த வாக்கியத்தை நானே திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் முப்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வேற்று மொழியில் சொன்னபோதுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

சூடேற்றித் தரச் சொன்னேன். தோல் கொஞ்சம் கருத்து, பின்பக்கம் ஒரு பச்சை முத்திரையோடு படம் வீடு வந்து சேர்ந்தது. கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் கேட்கிறார்கள், சொல்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு எழுதித்தான் சொல்ல முடியும்.

2

எனக்கு இங்கே ஒரு பால் பவுடர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஈரப்பதம் பார்ப்பது, கொழுப்பு பார்ப்பது, அதோடு ருசி பார்ப்பது. பவுடரைத் தண்ணீரில் கரைத்துச் சின்னக் கோப்பைகளில் வைத்திருப்பார்கள். ஒரு வாய் வைத்துப் பார்த்து, காரல் இருக்கிறதா, தீய்ந்த வாடை இருக்கிறதா என்று எழுத வேண்டும். என் நாக்குக்கு ஆலையில் நல்ல பெயர். சரவணன் சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் எனக்கு ருசி போனது. காய்ச்சல் கிடையாது, சளி கிடையாது. எதை வாயில் வைத்தாலும் ஒரே மாதிரி இருந்தது. எல்லாக் கோப்பைக்கும் 'சரி' என்றே எழுதினேன். பிறகு ருசியோடு மற்றதும் போனது. என் மனைவி சுமதி பேசினால் வார்த்தைகள் காதில் விழும், பொருள் வந்து சேராது. மகள் நிலா பள்ளியில் பரிசு வாங்கி வந்து காட்டினாள், நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, சொன்னேன். காலையில் ஆலையின் வண்டி நிறுத்துமிடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். துக்கம் என்று ஒன்றும் கிடையாது. துக்கம் இருந்தால் அழுதாவது இருக்கலாம்.

ஒரு நாள் மதியம்வரை காரிலேயே இருந்தேன். ஆலையிலிருந்து சுமதிக்குப் போன் போனது. அவள் வந்து நேராக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

இந்த விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. டாக்டர் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர்.

"உங்களுக்கு மனம் பாரமா இருக்கோ எண்டு டொக்டர் கேக்கிறா."

"பாரமெல்லாம் இல்லீங்க. காலியா இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல."

அதை அவர் அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, டாக்டர் எனக்கு ஞாபகசக்தி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். இன்று என்ன கிழமை, நாட்டின் பிரதமர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று பரீட்சை வைத்தார். நாள் முழுக்க எண்களோடு புழங்குகிறவன் நான். எழுபத்தொன்பதில் நின்றுவிட்டேன். அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது. பயம் வந்ததே நல்ல அறிகுறி என்று பிற்பாடு சொன்னார்கள்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றேன். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு அது ஒன்றுதான் பதில். யோசிக்காமலே வந்துவிடும்.

3

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வேலைக்கு விடுப்பு, அந்த விடுப்புக்குச் சான்றிதழ், சான்றிதழ் காலாவதியானால் இன்னொரு சான்றிதழ். அதோடு வாரம் ஒருநாள் ஓவிய வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அப்போது அதுவும் வரவில்லை. பள்ளியில் ஓவிய வகுப்பென்றால் மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு வீடு. அதற்கு மேல் நான் போனதில்லை.

ஒரு தேவாலயத்தின் பக்கத்து மண்டபத்தில் வகுப்பு. நடத்தும் பெண் எதையும் சொல்லித்தரவில்லை. பெரிய தாள், தூரிகை, வண்ணக் குழாய்கள் கொடுத்துவிட்டு டீ போடப் போய்விட்டார். எல்லோரும் என்னைப்போல வந்தவர்கள். யாருக்கு என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை.

முதல் சில வாரம் தாள் முழுக்கச் சாம்பல் நிறம் பூசினேன். உள்ளே இருந்தது அதுதான். பூசி முடித்ததும் கை வலித்தது. வலி தெரிந்தது எனக்குப் பிடித்திருந்தது, அதற்காகவே மறுபடி போனேன். பிறகு ஒருநாள் சாம்பலுக்கு நடுவில் ஒரு நீலக் கதவு போட்டேன். ஏன் என்று தெரியாது. அடுத்த வாரமும் அதே கதவு. அடுத்த வாரம் கதவுக்குப் பக்கத்தில் சுவர், கம்பி வலை போட்ட ஜன்னல், கீழே செம்மண். மண்ணின் நிறம் வரவில்லை. எங்கள் பக்கத்து மண் ஈரத்தில் ஒரு சிவப்பு, காய்ந்தால் வேறு சிவப்பு. குழாயில் இருந்த எந்தச் சிவப்பும் அதில் சேரவில்லை. மஞ்சள் கலந்து, கொஞ்சம் கருப்புத் தொட்டு, இரண்டு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். வீட்டுக்கு வந்ததும் பசித்தது. பசி என்ற ஒன்றையே மறந்திருந்தேன்.

என் பக்கத்தில் கிரகாம் என்று ஒருவர் உட்காருவார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசல் கேட்டுகளை மட்டும்தான் வரைவார், வேறெதையும் தொடமாட்டார். கேட், கதவு விஷயத்தில் அவர் கண் தப்பாது. ஒருநாள் என் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தாழ்ப்பாள் வெளியே இருக்கிறதே?" என்றார்.

"அது வெங்காயம் வைக்கும் அறை."

"அப்படியென்றால் ஜன்னலில் ஏன் துணி தொங்குகிறது?"

பார்த்தேன். ஜன்னல் கம்பியில் ஒரு பச்சைப் புடவையின் முந்தானையைப் போட்டிருந்தேன். போட்டது எனக்கே தெரியாது.

"உள்ளே யார்?" என்றார்.

"என் அக்கா," என்றேன். அவளுக்கு என்ன என்பதையும் சொன்னேன். வீட்டுக்கு வெளியே ஒரு மனிதரிடம் நான் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. கிரகாம் தலையை ஆட்டிவிட்டு, தாழ்ப்பாளின் நிழல் தப்பான பக்கம் விழுந்திருக்கிறது, சரி பண்ணு என்றார்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, முன்பு சொன்ன பதிலை மாற்றிச் சொன்னேன். அவர் மருந்தில் ஏதோ கூட்டிக் குறைத்தார். கோடை வருவதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தேன், கோப்பையில் காரல் தெரிய ஆரம்பித்தது.

4

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கும் வேடசந்தூருக்கும் நடுவில். சின்ன வெங்காயமும் சம்பங்கிப் பூவும் போட்ட குடும்பம். அண்ணன் பழனிச்சாமி மூத்தவர், நடுவில் வசந்தா அக்கா, கடைசியில் நான். அக்கா டவுனில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து அழகு. கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பூ கட்டிக்கொண்டிருப்பவள் திடீரென்று நிறுத்திவிட்டு, "அப்பிடியெல்லாம் சொல்லாத," என்பாள். எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. என்னிடம் விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

கோயில்களுக்குக் கூட்டிப்போனார்கள், மந்திரித்தார்கள். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். குரல்கள் அடங்கின, போகவில்லை. கல்யாணம் நின்றுபோனது. வீட்டில் ஆட்கள் வந்து போகும் நேரத்தில் சத்தமாகப் பேசிவிடுவாள் என்று, பின்னால் வெங்காயம் காயவைக்கும் அறையைக் காலி செய்து கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். காற்றுக்காக மூன்று பக்கமும் கம்பி வலை வைத்த அறை. விருந்தாளி வந்தால் தாழ்ப்பாள் போடுவார்கள். மற்ற நேரம் திறந்துதான் இருக்கும். அவளும் வெளியே வருவதை விட்டுவிட்டாள். வெங்காயம் பொறுக்குவாள், அதன் காய்ந்த தாளை அறுப்பாள், சாப்பிடுவாள், தூங்குவாள்.

அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவளை வைத்துக் காப்பாற்றியவர் அவர். மதினி அவள் துணியைத் துவைக்கிறார், தலைக்கு ஊற்றிவிடுகிறார். ஒரு வேளை சோறு தவறியதில்லை. தெரிந்ததைச் செய்தார்கள்.

5

சென்ற ஆண்டு மூன்று பேரும் ஊருக்குப் போனோம். என் பெட்டியில் வண்ணக் குழாய்களும் தாள்களும் இருந்தன. சுமதி, "துணிக்கு எடம் இல்ல, பெயிண்டுக்கு எடமிருக்கா?" என்று கேட்டாள், பிறகு அவளே நடுவில் செருகி வைத்தாள்.

நிலாவுக்குப் பதினான்கு வயது. அவள் தமிழ் ஒரு மாதிரி நொண்டும். இந்த நோயைச் சுற்றி வளைத்துச் சொல்ல நம்மிடம் எத்தனையோ வார்த்தை இருக்கிறது. உடம்பு சரியில்லை, கொஞ்சம் ஒரு மாதிரி, பாவம் அவ. நிலாவுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து நேராகக் கேட்டாள்: "அத்தை, உங்க தலைக்குள்ள யாரு பேசுறாங்க?"

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு பொம்பள, ஒரு ஆம்பள."

"நல்லவங்களா?"

"பொம்பளைக பரவாயில்ல. ஒருத்தி பஸ்ஸ்டாண்டுல பூ விக்கிறவ மாதிரி, பேசிக்கிட்டே இருப்பா. ஆம்பளதான் மோசம். வைவான்."

முப்பது வருடத்தில் அந்தக் குரல்கள் என்ன சொல்கின்றன என்று எங்கள் வீட்டில் யாரும் அவளைக் கேட்டதில்லை.

தாளை விரித்துத் தூரிகையைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஒரு கோடு இழுக்கப் பார்த்தாள். கை நடுங்கி, கோடு புழு நெளிவது மாதிரி போனது. மறுபடி இழுத்தாள். அதுவும் அப்படியே.

"கை எம்பேச்சக் கேக்காதுடா தம்பி," என்று தூரிகையை வைத்துவிட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் ஓயாமல் உருண்டுகொண்டிருந்தன, முழங்கை கட்டை மாதிரி இறுகியிருந்தது. வயதாகிறது என்று வீட்டில் விட்டிருந்தார்கள். ஒரு கோடு போடச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் விட்டிருப்பேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. தரையில் கிடந்த வெங்காயத் தோலை எடுத்தாள். கிழித்தாள். பசை கேட்டாள். நிலா கொடுத்தாள். நடுங்கும் கைக்கு ஒட்டுவது எளிதாக இருந்தது, அழுத்திப் பிடித்தால் போதும். ஊதா, வெளிர் சிவப்பு, செம்பு நிறம் என்று பிரித்துப் பிரித்து ஒட்டினாள். சாயங்காலம் மதினி காபி கொண்டுவந்து கதவருகே நின்றார்.

"இந்தத் தோலுக் கழுதைய நான் தெனமும் கூட்டித்தான அள்ளிக் கொட்டுறேன்," என்றார். "இம்புட்டு அழகாவா இருக்கு?"

அன்று சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன், அக்காவை நாளைக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"மாத்திரைதான் ஒழுங்காக் குடுக்கிறோம்லடா?"

"எந்த டாக்டர் எழுதுனது?"

"அந்த மதுரை டாக்டர்தான். அவரு செத்து எத்தனையோ வருசமாச்சு. அதே பேரச் சொல்லி மெடிக்கல்ல வாங்கிருவேன். நிறுத்துனா திரும்ப வந்துருமோன்னு பயம்."

"கை நடுங்குறது அதனாலகூட இருக்கலாம்ணே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "காவியாவுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம். திண்டுக்கல் ஆஸ்பத்திரில போயி அந்த வாசல்ல உக்காந்தா எவனாச்சும் பாப்பான்." காவியா அவர் மகள். அந்தப் பயம் நியாயமில்லாதது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊர் எப்படிப் பேசும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் காலையில் அவரே ஆட்டோ சொல்லியிருந்தார். தலையில் துண்டை முக்காடு மாதிரி போட்டுக்கொண்டு ஏறினார். அக்கா பச்சைப் புடவை கட்டியிருந்தாள். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கோட்டை மலை தெரிந்ததும், "இது இன்னும் இங்கதான் இருக்கா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கும் வரிசையில் எங்களுக்கு இரண்டு ஆள் முன்னால், அண்ணனிடம் வெங்காயம் வாங்கும் கமிஷன் கடைக்காரர் தன் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். இவர் அவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

டாக்டர் இளம்பெண். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார், அக்காவை எழுந்து நடக்கச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். இவ்வளவு வருடம் இவ்வளவு அளவில் கொடுத்தால் நடுக்கம் வரத்தான் செய்யும், மெல்ல மெல்ல வேறு மருந்துக்கு மாற்றலாம் என்றார். பிறகு கேட்டார், "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?"

"இல்லைங்க," என்றார் அண்ணன். "நாங்கல்லாம் நல்லாத்தான் இருக்கோம்."

"எனக்கு இருக்குங்க," என்றேன். "இவங்க மாதிரி இல்ல. மனச்சோர்வு. ரெண்டு வருசமா மருந்து சாப்பிடுறேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார். அண்ணன் தலையிலிருந்த துண்டு தோளில் விழுந்தது. எடுத்துப் போடவில்லை. அக்கா என்னையே பார்த்தாள்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். அண்ணன் ஒரு டீயை முழுக்கக் குடித்து முடித்தார்.

"அங்க போயுமாடா?"

"அங்க போயும்தான்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீ தூங்கியிருக்க மாட்டண்ணே."

"இப்ப மட்டும்?" என்றவர், இன்னொரு டீ சொன்னார். "மாத்திரையில சரியாயிருச்சா?"

"முக்காவாசி."

"மிச்சம்?"

"படம் வரையிறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல பொழப்புடா," என்று சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா அதற்குள் தன் கிளாஸைக் காலி செய்துவிட்டு, வடை வேண்டும் என்றாள்.

6

நாங்கள் கிளம்பி வந்த பிறகு நடந்ததெல்லாம் அண்ணன் போனில் சொன்னதுதான். மருந்து மாற்றிய முதல் மாதம் அக்கா தூங்காமல் சிரமப்பட்டிருக்கிறாள். அண்ணன் பயந்துபோய்ப் பழைய மாத்திரையைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். டாக்டரிடமே கேட்கச் சொன்னேன், போனார். மூன்றாம் முறை போனபோது கமிஷன் கடைக்காரர், "வாங்க, எடம் போட்டு வச்சிருக்கேன்," என்று பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாராம். அவர் மகனுக்காக வருகிறாராம்.

காவியாவின் சம்பந்தத்தில் அண்ணன் விஷயத்தை முன்கூட்டியே சொன்னார். ஒரு இடம் அதனால் தட்டிப் போனது. இன்னொரு இடம் வந்து பேசிக்கொண்டிருக்கிறது. அது எப்படி முடியும் என்று தெரியாது. அக்கா இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறாள். முன்னால் உள்ள அறையைக் கொடுத்தும் அவள் வர மறுத்துவிட்டாள். அண்ணன் வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, அவள் கேட்டதால் உள்ளே ஒன்று வைத்துக் கொடுத்திருக்கிறார். சில நாள் அதைப் போட்டுக்கொண்டு திறக்கமாட்டாளாம். மதினிக்கு அதில் வருத்தம்.

நடுக்கம் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனாலும் தூரிகையை அவள் தொடுவதில்லை, தோல்தான். அனுப்பிய படத்தில் என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிறுமலை மாதிரி இருக்கும், நிலா அது ஒரு கூட்டம் என்கிறாள். நான் இப்போதும் வாரம் ஒருநாள் மண்டபத்துக்குப் போகிறேன், மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற குளிர்காலத்தில் சில வாரம் மறுபடியும் ருசி மங்கியது. இந்த முறை என்னவென்று தெரிந்ததால் முன்னதாகவே டாக்டரைப் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அக்காவே போனை வாங்கினாள். அது அபூர்வம்.

"இப்ப சத்தம் கொறஞ்சுருச்சுடா. அந்த ஆம்பள போயிட்டான். பூக்காரி மட்டும் எப்பவாச்சும் வருவா."

"நல்லதுக்கா."

பிறகு, "ஒனக்கு யாருடா பேசுறா?" என்றாள்.

"எனக்கு யாரும் பேசமாட்டாங்கக்கா. எனக்கு வந்தது வேற. உள்ள ஒரு சத்தமும் இருக்காது. வெளிய யாரு பேசுனாலும் வந்து சேராது."

"ஒருத்தருமேவா?"

"ஒருத்தருமே."

"அடப்பாவமே," என்றாள். "எனக்காச்சும் பேச்சுத்தொணைக்கு ஆளு இருந்துச்சு. நீ அம்புட்டு தூரத்துல தனியாவாடா கெடந்த?"

"ஆமாக்கா," என்றேன்.